பெல்லட் அடுப்பு வாங்கலாமா? அடுப்பின் விலையைப் பார்க்காதீர்கள், எரிபொருளின் கணக்கைப் பாருங்கள்



சில வாரங்களுக்கு முன் கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் ஒரு பயிற்சிக் கூட்டம் நடத்தினோம். மல்லாட்டை விதைநேர்த்தி பற்றிப் பேசத்தான் போயிருந்தேன். கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா ஓரமாக வந்து நின்றார். ஒன்றரை ஏக்கர் சவுக்கும் ஒரு ஏக்கர் மணிலாவும் வைத்திருக்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மகன் டிபன் கடை நடத்துகிறார்.

"சார், ஊர்ல பெல்லட் அடுப்புன்னு ஒண்ணு விக்க வந்திருக்காங்க. கேஸ் செலவு பாதியாயிடும்னு சொல்றாங்க. வீட்டுக்கு ஒண்ணு, கடைக்கு ஒண்ணு வாங்கச் சொல்றான் பையன். அதோட பெல்லட் செய்யற மெஷினும் போட்டா நம்ம குப்பையே காசாகும்னு சொல்றாங்க. நகையை வெச்சு வாங்கலாமா?" என்று கேட்டார்.

நகையை அடகு வைக்கும் பேச்சு வந்த பிறகு "நல்ல அடுப்புதாம்மா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வண்டி ஏற முடியாது. அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊருக்கும் இந்த விற்பனையாளர்கள் வரலாம். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பெல்லட் என்றால் என்ன?

மரத்தூள், கடலைத் தோல், உமி, சவுக்கு மிலாறு போன்றவற்றைக் காயவைத்து, பொடியாக்கி, அதிக அழுத்தத்தில் துளைகளின் வழியே தள்ளினால் சுண்டுவிரல் பருமனில் குட்டிக் குட்டிக் குச்சிகளாக வெளிவரும். இதுதான் பெல்லட். தனியாகப் பசை சேர்ப்பதில்லை. அழுத்தத்தில் உண்டாகும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகி, ஆறும்போது தானே இறுகிவிடும். மாட்டுத் தீவனக் குச்சியைப் பார்த்திருப்பீர்கள். செய்முறை ஏறக்குறைய அதே மாதிரிதான்.

இதற்கான அடுப்பில் சின்ன விசிறி ஒன்று இருக்கும். கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்றை அளவோடு ஊதும். வெளிவரும் புகையும் சேர்ந்தே எரிந்துவிடுவதால் தீ நீலமும் மஞ்சளுமாக நின்று எரியும். பாத்திரத்தில் கரி குறைவாகப் பிடிக்கும். மண் அடுப்பில் விறகின் சூட்டில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. விசிறி வைத்த அடுப்புக்குக் குறைந்தது 35 சதவீதமும், விசிறி இல்லாத மேம்படுத்தப்பட்ட விறகடுப்புக்குக் குறைந்தது 25 சதவீதமும் திறன் இருக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை ஐ.எஸ். 13152 சொல்கிறது.

ஆக, பெல்லட் அடுப்பு ஏமாற்று வேலை அல்ல. நன்றாக எரியக்கூடிய, புகை குறைந்த அடுப்புதான். நமக்கு லாபமா என்பது தனிக் கேள்வி.

குளிர் நாட்டுக் கதை வேறு, நம் கதை வேறு

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெல்லட் அடுப்பு என்றால் வீட்டைச் சூடாக்கும் அடுப்பு. அங்கே குளிர்காலம் முழுவதும் அது எரிந்துகொண்டே இருக்கும். வலைதளத்தில் "செலவு பாதியாகிறது" என்று வரும் காணொளிகள் பலவும் அந்த நாட்டுக் கணக்கு. நம் கடற்கரையில் மார்கழியில்கூட விடியற்காலை 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். இங்கே வீட்டைச் சூடாக்கும் தேவை இல்லை. நீலகிரி, கொடைக்கானல் மலை வீடுகளுக்கு அந்தத் தேவை உண்டு. நமக்கு இருப்பது சமையல், வெந்நீர், நெல் அவித்தல், கோழிக்குஞ்சுக்குச் சூடு கொடுத்தல் ஆகிய நான்கும்தான். கணக்கை இவற்றுக்குத்தான் போட வேண்டும்.

ஏன் திடீரென்று இவ்வளவு பேச்சு?

இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது கேஸ் விலை. நம் நாட்டில் எரிக்கும் சமையல் எரிவாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் இறக்குமதி; அதில் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அங்கே என்ன நடந்தாலும் இங்கே விலையில் தெரியும். சென்னையில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் 2023 ஆகஸ்ட் கடைசியில் 918 ரூபாய் 50 காசுக்கும், 2024 மார்ச்சில் 818 ரூபாய் 50 காசுக்கும் இறங்கி, 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி 868 ரூபாய் 50 காசு ஆனது. உஜ்வாலா இணைப்பு உள்ளவர்களுக்கு 2025-26இல் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் இருந்தது. ஆனால் ஆண்டுக்கு 12 சிலிண்டர் வரை என்றிருந்தது, அந்த ஆண்டில் 9 ஆகக் குறைக்கப்பட்டது.

இரண்டாவது அனல்மின் நிலையங்கள். நிலக்கரியோடு பயிர்க்கழிவு பெல்லட்டைக் கலந்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2021இல் கொள்கை வகுத்தது. இதற்காக 'சமர்த்' என்ற தேசிய இயக்கமும் தொடங்கப்பட்டது. 2023இல் திருத்தப்பட்டபோது 2024-25இல் 5 சதவீதம், 2025-26இல் 7 சதவீதம் என்று இலக்கு வைக்கப்பட்டது. வட இந்தியாவில் வைக்கோல் எரிப்பைக் குறைப்பது இதன் முக்கிய நோக்கம். ஆனால் இதன் பாதிப்பு பெல்லட் சந்தை முழுவதற்கும் உண்டு.

அது எப்படி என்று பாருங்கள். 500 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 7,000 டன்னுக்கு மேல் நிலக்கரி கேட்கும். அதில் 5 சதவீதம் என்றால் 350 டன். ஒரு குடும்பம் சமையலுக்கு நாளுக்கு ஒன்றரை கிலோ பெல்லட் எரிப்பதாக வைத்தால், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் எரிபொருளை அந்த ஒரே அலகு கேட்கிறது. வடசென்னை பக்கம் வல்லூரில் மட்டும் இப்படி 500 மெகாவாட் அலகுகள் மூன்று இருக்கின்றன. பெரிய கை சந்தைக்குள் வரும்போது, ஒரு மூட்டை இரண்டு மூட்டை வாங்குபவருக்கு விலை என்ன ஆகும், சரக்கு யாருக்கு முதலில் போகும் என்பதை மணிலா கமிட்டியில் நின்று பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக் கணக்கு

இப்போது தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் சுமார் 11,000 கிலோ கலோரி சூடு இருக்கிறது. அதில் 60 சதவீதம் பாத்திரத்துக்குப் போகிறது என்று கொள்வோம். அப்படியானால் 14.2 கிலோ சிலிண்டரிலிருந்து நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 93,700 கிலோ கலோரி.

ஒரு கிலோ நல்ல பெல்லட்டில் சுமார் 4,000 கிலோ கலோரி. அடுப்பின் திறன் 35 சதவீதம். பாத்திரத்துக்குப் போவது 1,400 கிலோ கலோரி.

ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் விடை 67. அதாவது ஒரு வீட்டு சிலிண்டருக்கு ஈடு 67 கிலோ பெல்லட். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கு நீங்கள் உண்மையில் கொடுக்கும் தொகையை 67ஆல் வகுத்தால் வருவதுதான் பெல்லட்டுக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலை.

மானியம் இல்லாதவர் (2025 ஏப்ரல் விலையில்): 868.50 ரூபாயை 67ஆல் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 13 ரூபாய்.

உஜ்வாலா மானியம் பெறுபவர் (அதே விலையில்): 568.50 ரூபாயை 67ஆல் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் எட்டரை ரூபாய்.

விலை மாறினால் அந்த நாளின் விலையைப் போட்டு வகுத்துக்கொள்ளுங்கள். 67 மாறாது.

வீட்டு வாசலில் வந்து இறங்கும் பெல்லட் கிலோ 11 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 67 கிலோவுக்கு 737 ரூபாய். மானியம் இல்லாத வீட்டுக்கு சிலிண்டருக்கு 131 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் என்றால் ஆயிரத்துச் சொச்சம். அடுப்பு 6,000 ரூபாய் என்றால் போட்ட காசைத் திரும்ப எடுக்கவே ஏறக்குறைய ஆறு வருஷம். அதற்குள் விசிறி, பேட்டரி மாற்ற வேண்டி வரும். நம் ஊர் உப்புக்காற்றில் தகடு அதுவரை தாங்குமா என்பதும் கேள்வி. உஜ்வாலா வீட்டுக்கோ, சிலிண்டருக்கு 169 ரூபாய் கூடுதல் செலவு. மானிய சிலிண்டரைக் கைவிட்டு பெல்லட் வாங்குவது அவர்களுக்கு நஷ்டம்.

இதே காசில் ஒரு மாற்று வழியும் இருக்கிறது. சொந்தச் சவுக்குத் தோப்பு உள்ளவர்களுக்கு மிலாறும் கிளையும் சும்மா கிடைக்கின்றன. காய்ந்த விறகில் கிலோவுக்கு 3,800 கிலோ கலோரி என்று வைத்தால், மண் அடுப்பில் ஒரு சிலிண்டருக்கு ஈடாக 200 கிலோ விறகு போகும். 25 சதவீதத் திறனுள்ள, தரச்சான்று பெற்ற, விசிறி இல்லாத விறகடுப்பில் அதே வேலைக்கு 100 கிலோ போதும். விறகு பாதியாகிறது, புகையும் குறைகிறது, பெல்லட்டுக்காக யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. வெந்நீருக்கும் மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சவும் கொல்லைப்புறத்தில் இதைப் போட்டுக்கொண்டு, சமையலுக்கு கேஸை வைத்துக்கொள்வதுதான் நம் பகுதிக் குடும்பங்களுக்குத் தோதான ஏற்பாடு. சவுக்கை இந்தக் கடற்கரைக்கு 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்டதே ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்றுதான். நல்ல விறகு நம் காலடியிலேயே இருக்கிறது.

ஏற்கெனவே ஒருமுறை நடந்த கதை

பெல்லட் அடுப்பு நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 2006 வாக்கில் 'ஊர்ஜா' என்ற அடுப்பு தமிழ்நாடு, மகாராஷ்டிரா, கர்நாடகா மாநிலங்களில் விற்பனைக்கு வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பம். பி.பி. என்ற பெரிய எண்ணெய் நிறுவனம் பணம் போட்டது. கிராமத்துப் பெண்களையே விற்பனையாளர்களாக வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடுப்பும் நன்றாகவே இருந்தது. நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது.

பிறகு என்ன ஆனது? பெல்லட் செய்ய நம்பியிருந்தது கரும்புச் சக்கை போன்ற பயிர்க்கழிவை. அதையே கொதிகலனுக்கும் மின் உற்பத்திக்கும் மற்ற ஆலைகள் கேட்க ஆரம்பித்ததும் கழிவின் விலை ஏறியது. பெல்லட் விலையும் ஏறியது. குறைந்த விலைக்குக் கொடுத்து நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. ஏறிய விலைக்கு வாங்கி வீடுகளுக்கும் கட்டுப்படியாகவில்லை. 2009இல் பி.பி. விலகியது, தொழில் வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்த நிறுவனமும் மெல்ல மெல்ல வீடுகளை விட்டு ஹோட்டல், கேன்டீன் பக்கம் திரும்பியது. வாங்கிய வீடுகளில் பெரும்பாலானவற்றில் அடுப்பு பரணுக்கு ஏறியது. அந்த அடுப்பில் பெல்லட் தவிர வேறு விறகைச் சரியாக எரிக்க முடியாது. பெல்லட் நின்றால் அடுப்பும் நின்றது.

குளிர் நாடுகளிலும் இதே பாடம்தான். 2022இல் உக்ரைன் போர் வந்தது. ரஷ்யா, பெலாரஸிலிருந்து வந்த மரப் பெல்லட்டை ஐரோப்பிய நாடுகள் நிறுத்தின. கேஸ் விலைக்குப் பயந்து பலரும் ஒரே நேரத்தில் பெல்லட் அடுப்புக்கு ஓடினார்கள். விளைவு, ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளில் ஒரே ஆண்டில் பெல்லட் விலை இரண்டு மடங்கைத் தொட்டது. கேஸிலிருந்து தப்பிக்க வாங்கிய அடுப்பே சுமையானது.

எனவே ஒரு அடுப்பை வாங்குகிறோம் என்றால், அதற்கான எரிபொருளை விற்பவருடன் பல வருஷத்துக்கு உறவு வைத்துக்கொள்கிறோம் என்று பொருள். பெண் பார்க்கும்போது குடும்பத்தையும் விசாரிப்பது போல, அடுப்பு பார்க்கும்போது பெல்லட் எங்கிருந்து வருகிறது என்று விசாரியுங்கள்.

யாருக்குப் பொருந்தும்?

டிபன் கடை, டீக்கடை, ஹோட்டல்: இங்கே கணக்கு மாறுகிறது. கடைக்கு வாங்க வேண்டியது 19 கிலோ வணிக சிலிண்டர். அதற்கு மானியம் கிடையாது, விலை மாதாமாதம் மாறும். அதே முறையில் கணக்கிட்டால் ஒரு வணிக சிலிண்டருக்கு ஈடு 90 கிலோ பெல்லட். சிலிண்டர் 1,750 ரூபாய் என்று கொண்டால் பெல்லட்டுக்கு 19 ரூபாய் வரை கொடுக்கலாம். கிலோ 13 ரூபாய்க்குக் கிடைத்தால் 90 கிலோ 1,170 ரூபாய். சிலிண்டருக்கு 580 ரூபாய் மிச்சம். மாதம் எட்டு சிலிண்டர் எரிக்கும் கடைக்கு 4,600 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். 30,000 ரூபாய் அடுப்பு ஏழு மாதத்துக்குள் காசை எடுத்துவிடும். மாமல்லபுரம் முதல் கூவத்தூர் வரை சாலையோரம் கடை வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். ஆனால் கேஸ் இணைப்பை விட்டுவிடாதீர்கள். அவசரத்துக்கு இரண்டு பர்னராவது இருக்கட்டும்.

நெல் அவிக்கும் சிறு மில்: இவர்களிடம் சொந்த உமியே இருக்கிறது. உமியை நேரடியாக எரிக்கும் உலை இருக்கும்போது அதைப் பெல்லட்டாக்கி எரிப்பது வீண் செலவு.

கோழிக்குஞ்சு வளர்ப்பவர்: நம் பகுதியில் வீட்டைச் சூடாக்குவதற்கு மிக நெருங்கிய தேவை இதுதான். முதல் வாரத்தில் குஞ்சுக்கு 35 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போனால் பல்பு அணைந்துவிடும். சிலர் மண்பானையில் கரி போட்டுக் கொட்டகைக்குள் வைக்கிறார்கள். மூடிய கொட்டகையில் கரிப்புகை குஞ்சுக்கும் ஆகாது, உள்ளே போகும் ஆளுக்கும் ஆகாது. புகைக்குழாய் வெளியே போகும்படி அமைத்த பெல்லட் அடுப்பு இதற்கு நன்றாகப் பொருந்தும். ஆயிரக்கணக்கில் குஞ்சு விடுபவருக்கு மட்டுமே கட்டும். ஐம்பது நாட்டுக்கோழி வளர்ப்பவருக்கு வேண்டாம்.

மெஷின் வாங்கலாமா?

அந்த அம்மா கேட்ட கேள்வியில் இதுதான் பெரிய செலவு. மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, கழிவு உண்மையில் உங்களிடம் இருக்கிறதா? ஒரு ஏக்கர் மணிலாவில் காய் 900 கிலோ என்றால் தோல் 250 கிலோவுக்குப் பக்கம். நாலு சிலிண்டருக்கு ஈடாகக்கூட வராது. அதுவும் நம்மில் பெரும்பாலோர் காயாகவே விற்றுவிடுகிறோம். தோல் குவிவது உடைக்கும் மில்லில். மணிலாக் கொடி மாட்டுக்கு நல்ல தீவனம். வைக்கோலும் அப்படித்தான். சித்திரையில் ஒரு கட்டு வைக்கோல் என்ன விலை போகிறது என்று மாடு வைத்திருப்பவரைக் கேளுங்கள். மேலும் ஒரு டன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியச் சத்து இருக்கிறது. வயலை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு டன்னுக்கும் ஈடாக நீங்கள் கடையில் பொட்டாஷ் வாங்க வேண்டிவரும். நேரான சவுக்குக் கட்டைக்குக் காகித ஆலையும் கட்டுமானக் கழி வியாபாரியும் நல்ல விலை தருகிறார்கள். அதைப் பொடியாக்குவது பொன்னை உருக்கி ஈயம் செய்வது போல. மிச்சம் இருப்பது மிலாறும் சருகும்தான். சருகை மண்ணில் மக்க விடுவதே மணல் நிலத்துக்கு நல்லது.

இரண்டு, மின்சாரம். மூலப்பொருளையும் இயந்திரத்தையும் பொறுத்து ஒரு டன் பெல்லட் செய்ய நூறு யூனிட்டுக்கு முன்பின் மின்சாரம் ஆகும். பொடியாக்கவும் உலர்த்தவும் தனிச் செலவு. பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் பெல்லட் மெஷினை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அனுமதித்த பயன்பாட்டுக்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின் கீழ் வரும். பெருந்தொகை கட்ட நேரிடும்.

மூன்று, கடலோர ஈரம். பொடியில் 10 முதல் 15 சதவீத ஈரம் இருந்தால்தான் குச்சி நிற்கும். வடகிழக்குப் பருவமழை மூன்று மாதம் நமக்கு அது முடியாது. உலர்த்தும் கருவி இல்லாமல் தொழில் இல்லை. காணொளியில் காட்டும் சின்ன மெஷின் மாட்டுத் தீவனத்துக்கு ஓடும். கடினமான சவுக்குத் தூளுக்கு அச்சும் உருளையும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

தனியாக வேண்டாம். ஆனால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து, உடைக்கும் மில், மர அறுவை மில் ஆகியவற்றோடு ஒப்பந்தம் போட்டு, வாங்குபவரிடம் எழுத்தில் கொள்முதல் உறுதி பெற்றால் யோசிக்கலாம். 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தில், மணிக்கு ஒரு டன் உற்பத்தித் திறனுக்கு 9 லட்சம் ரூபாய் வீதம், ஆலைக்கு அதிகபட்சம் 45 லட்சம் வரை மானியம் வைக்கப்பட்டது. அதன் முதல் கட்டம் 2025-26 வரைதான். இப்போதைய நிலையைக் கேட்டு உறுதி செய்த பிறகே வங்கிக்குப் போங்கள். மானியத்துக்காகத் தொழில் தொடங்காதீர்கள்.

வாங்குவதென்று முடிவு செய்தால்

1. அடுப்பில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சோதனைச் சாலை அறிக்கையைக் கேளுங்கள்.

2. பெல்லட் தவிர மிலாறு, கொட்டாங்குச்சி ஆகியவற்றையும் எரிக்கும் அடுப்பா என்று கேளுங்கள். எரித்துக் காட்டச் சொல்லுங்கள். பெல்லட் நின்றாலும் அடுப்பு நிற்கக் கூடாது.

3. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு பெல்லட்டைப் போடுங்கள். நன்றாக அழுத்திச் செய்தது உடனே அடியில் மூழ்கும். மிதந்தால் அழுத்தம் போதவில்லை. மூட்டையின் அடியில் கை விட்டுப் பாருங்கள். பொடி நிறைய இருந்தால் வேண்டாம்.

4. எதில் செய்தது என்று கேளுங்கள். மரத்தூளில் சாம்பல் மிகக் குறைவு. கடலைத் தோலில் நடுத்தரம். உமியில் நூற்றுக்கு 18, 20 வரை சாம்பல். வைக்கோல் பெல்லட்டில் சாம்பல் உருகிக் கட்டியாகிக் காற்றுத் துளையை அடைக்கும்.

5. முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் பெல்லட் வாங்கி, சிலிண்டர் எத்தனை நாள் கூடுதலாக வந்தது என்று நாள்காட்டியில் குறித்துப் பாருங்கள்.

6. மழைக்கு முன்பே சேமிக்க இடம் இருக்கிறதா? ஈரம் பட்ட பெல்லட் ஊதிப் பொடியாகிவிடும். திரும்பக் காயவைத்தாலும் குச்சியாகாது. மரப்பலகை மேல், தார்ப்பாய்க்குள் அடுக்க வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். கரண்ட் இல்லை, வெளியே போக வழியில்லை. அப்படிப்பட்ட நாளில் விசிறி பேட்டரியில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேளுங்கள்.

7. குறைந்தது ஒரு வருஷத்துக்கு என்ன விலைக்கு பெல்லட் தருவார்கள், விசிறி கெட்டால் யார் வருவார், எங்கே கடை என்பதை எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

உயிருக்குப் பாதுகாப்பு

புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள். கரியும் பெல்லட்டும் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. மலைப் பகுதிகளில் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்திகளைப் படித்திருப்பீர்கள். அடுப்பு எரியும் இடத்தில் ஜன்னலும் மேலே புகை போக வழியும் இருக்க வேண்டும். தணலோடு படுக்கை அறைக்குள் எடுத்துப் போகவே கூடாது. வீட்டு அடுப்புப் புகையால் உலகில் 2020இல் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். கேஸைக் கைவிட்டு மறுபடி மண் அடுப்புக்குத் திரும்புவது எந்தக் கணக்கிலும் லாபம் ஆகாது.

சாம்பலை வீணாக்காதீர்கள். மரச் சாம்பலில் பொட்டாஷும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. தென்னைக்கும் வாழைக்கும் அளவோடு போடலாம். யூரியாவோடு கலக்கக் கூடாது. தழைச்சத்து அம்மோனியாவாக ஆவியாகிவிடும். களர் நிலத்துக்குப் போடாதீர்கள். உவர் உள்ள நிலமென்றால் மண் பரிசோதனை செய்த பிறகு போடுங்கள்.

அந்த அம்மாவுக்குச் சொன்ன பதில்

தாளில் கணக்குப் போட்டு முடித்தபோது அவரிடம் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்குப் பெல்லட் அடுப்பு வேண்டாம்; மானிய சிலிண்டரை விடாதீர்கள், வெந்நீருக்கு நல்ல விறகடுப்பு ஒன்று போடுங்கள். கடைக்கு, பெல்லட் விலையை எழுத்தில் கொடுக்கும் ஆள் கிடைத்தால் ஒரு அடுப்பு, அதுவும் கடை வருமானத்திலிருந்து. மெஷினுக்காக நகை பெட்டியை விட்டு வெளியே வர வேண்டாம்.

"பையன் கோவிச்சுக்குவான் சார்" என்றார். "67, 90 இந்த ரெண்டு எண்ணையும் பையன்கிட்ட கொடுங்கம்மா, அவரே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்" என்றேன்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கேஸ் விலை ஏறலாம், பெல்லட் விலை இறங்கலாம்; அப்போது இந்த முடிவும் மாறலாம். வகுத்துப் பார்க்கும் முறை மட்டும் மாறாது. சந்தேகம் இருந்தால் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, உங்கள் வட்டார வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலரையோ அணுகுங்கள். அடுப்பு, எரிகலன் தொழில்நுட்பம் பற்றிக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் பொறியியல் துறையிலும் கேட்கலாம். முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்.